ஒன்பது வயதுக்கு ஓர் அனுபவச் சான்றிதழ்

1

ஒரு பிள்ளை இன்று என்ன கற்றுக்கொண்டாள் என்பது அவளைப் பெற்றவளுக்கு எப்படித் தெரியும்?

இதே சொற்களில் யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் படிவம் ஒன்று இதைச் சுற்றி வளைத்துக் கேட்கிறது. நியூசிலாந்தில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்க வேண்டுமென்றால் அரசிடம் விலக்கு வாங்க வேண்டும். வாங்கிய பிறகு, பள்ளியில் கற்பிக்கும் அளவுக்கு ஒழுங்காகவும் நன்றாகவும் கற்பித்து வருகிறேன் என்று வருடத்துக்கு இரண்டு முறை உறுதி சொல்ல வேண்டும். சின்னப் படிவம்தான். கையெழுத்துப் போட அரை நிமிடம் போதும். மூன்று முறை போட்டுவிட்டேன். நான்காவது முறை போட வேண்டியது மூன்று வாரமாகச் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

என் மகள் ஆதிரைக்கு ஒன்பது வயது. அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி இந்த மாதத்தோடு இரண்டு வருடம் ஆகிறது. நிறுத்தியதற்குக் காரணம் கேட்டால் ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று சொல்லி வைத்திருக்கிறேன். உண்மை இதுதான். வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறவள், பள்ளியில் இரண்டு வருடமும் பேசவில்லை. அடம் இல்லை, அழுகை இல்லை. பேசவில்லை, அவ்வளவுதான். மதிய இடைவேளையில் பைகள் மாட்டும் கொக்கிகளுக்குப் பக்கத்தில் நிற்பாள். ஆசிரியர்கள் நல்லவர்கள். அவளாகப் பேசும்போது பேசட்டும் என்றார்கள். அறிக்கை அட்டையில் மதிப்பெண் கிடையாது. இனிமையான பிள்ளை என்று எழுதியிருந்தார்கள். இரண்டாம் வருடக் கடைசியில் வகுப்பாசிரியை மிகவும் அன்பாக, ஆதிரையின் குரல் எப்படி இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது என்றார். அன்று வீட்டுக்கு வந்து விண்ணப்பத்தை எழுத ஆரம்பித்தேன்.

நாங்கள் இருப்பது ஹில்ஸ்பரோவில், வாடகை வீடு. என் கணவருக்கு எல்லர்ஸ்லியில் மென்பொருள் வேலை. நான் அப்போது பென்ரோஸில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் வாரம் மூன்று நாள் போய்க்கொண்டிருந்தேன். அதை விட்டேன். அவர் ஒரே ஒரு முறைதான் கேட்டார்.

"யோசிச்சுத்தான் செய்யறயா?"

ஆமாம் என்றேன். யோசித்தேன் என்பது உண்மை. அந்த யோசனை இன்னும் முடியவில்லை.

2

முதல் மூன்று மாதம் வீட்டுக்குள் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினேன். ஒன்பது மணிக்குக் கணக்கு, பத்து மணிக்கு ஆங்கிலம். ஆதிரை சோபாவில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். இங்கே வீட்டில் கற்பிக்கும் தாய்மார்கள் கூடும் குழு ஒன்று இருக்கிறது. புதன்கிழமைகளில் ஒரு சமூகக் கூடத்தில் சந்திப்பார்கள். அதில் டெப் என்று ஒரு பெண், நான்கு பிள்ளைகளை வளர்ப்பவர். மழைக்காலத்திலும் செருப்பில்லாமல் வருவார். என் அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார். சமைப்பதும் பாடம், பேருந்தில் போவதும் பாடம், எல்லாம் சேர்த்தி என்றார். செய்ததைக் குறித்து மட்டும் வைத்துக்கொள், யாராவது பார்க்க வந்தால் காட்டலாம் என்றார்.

அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது கடைசி வாக்கியம் மட்டும்தான் என்று இப்போது தெரிகிறது.

நீளமான நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி நான்கு கட்டம் போட்டேன். தேதி, செய்தது, எந்தப் பாடம், எவ்வளவு நேரம். சாம்பார்ப் பொடிக்கு மல்லியும் மிளகாயும் அளந்தால் விகிதம், கணிதம், நாற்பது நிமிடம். ஒனெஹங்கா கடற்கரையில் தண்ணீர் எங்கே வரைக்கும் வந்து போனது என்று பார்த்தால் அறிவியல். பழைய சுடிதாரில் தலையணை உறை தைத்தால் தொழில்நுட்பம். ஆதிரைக்குக் காய்ச்சல் வந்தபோது அவளே வெப்பமானியைப் பார்த்துச் சொன்னாள். உடல்நலக் கல்வி, ஐந்து நிமிடம் என்று எழுதினேன். என் கணவர் ஒரு நாள் நோட்டைப் புரட்டிவிட்டு, "பத்து மணி நேரம் தூங்குனாளே, அதுக்கு ஒரு பாடமும் போடலயா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. போடலாமா என்று ஒரு நொடி யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்ததே கடிதங்களால்தான். விசாவுக்கு அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் வேலை பார்த்தால் போதாது. எந்தப் பதவி, என்னென்ன பொறுப்பு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில், கையெழுத்தும் முத்திரையுமாக வேண்டும். என் கணவர் முதலில் வேலை பார்த்த கோயம்புத்தூர் கம்பெனி மூடிப்போயிருந்தது. அதன் முதலாளி பொள்ளாச்சியில் பேக்கரி வைத்திருந்தார். என் மாமனார் மூன்று முறை பஸ் ஏறிப் போய்த்தான் அந்தக் கடிதத்தை வாங்கினார். முதல் முறை பதவி விட்டுப்போயிருந்தது. இரண்டாம் முறை தேதி தவறு. மூன்றாம் முறை அந்த முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு தேங்காய் பன்னும் கொடுத்து அனுப்பினாராம்.

எனக்கு அப்படி ஒரு கடிதம் கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பு கோபியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் இரண்டு வருடம் வேதியியல் எடுத்தேன். வருட நடுவில் நின்றதால் தாளாளர் அனுபவச் சான்றிதழ் தர மறுத்துவிட்டார். நான் வகுப்பில் நின்றதற்கு உலகத்தில் எந்தக் கோப்பிலும் தடயம் இல்லை. சாக்பீஸ் தூள் பட்டு வெடித்த விரல்களை நான் மட்டும் நினைவு வைத்திருக்கிறேன். விசா அதிகாரிக்கு அது போதாது. அவர் கேட்டதிலும் தப்பில்லை.

அதனால் தாளில் ஏறாத எதுவும் நடக்கவே இல்லை என்று எனக்குள் ஓர் எண்ணம் உட்கார்ந்துவிட்டது. ஆதிரை நடந்தால் எழுதினேன், குனிந்தால் எழுதினேன். சில மாதங்களில் அவளே கேட்க ஆரம்பித்தாள். அவள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். நான் இங்கே தமிழில் தருகிறேன். பட்டாணி உரிக்க உட்காருமுன், "இது நோட்டுல வருமா?" என்பாள். வரும் என்றால் உட்காருவாள். வராது என்றால், "அப்ப சும்மா உரிக்கலாம்," என்று சொல்லி இன்னும் வேகமாக உட்காருவாள். அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

3

வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு மளிகைக் கடை இருக்கிறது. சிவநேசன் அண்ணன் கடை. யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தால் நம் முகத்தைப் பார்க்காமலே சில்லறை கொடுப்பார். வியாழக்கிழமை மதியம் ஃபிஜியிலிருந்து காய்கறி வரும். அன்றைக்கு எங்கள் பக்கத்துத் தமிழர்கள், தெலுங்குக்காரர்கள், ஃபிஜி இந்தியர்கள் எல்லாரும் அங்கே இருப்பார்கள்.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை, பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். ஒரு பெட்டி பிரிந்து முருங்கைக்காய் தரையெல்லாம் சிதறியது. யாரும் சொல்லாமலே ஆதிரை உட்கார்ந்து பொறுக்கினாள். பொறுக்கியவள் அப்படியே பெட்டியில் போடாமல், முற்றியது, இளசு, ஒடிந்தது என்று மூன்றாகப் பிரித்து அடுக்கினாள். அண்ணன் ஓவர் முடியும்வரை டிவியைப் பார்த்துவிட்டு, பிறகுதான் தரையைப் பார்த்தார்.

"பிள்ளை, அடுத்த கிழமையும் வாங்கோ," என்றார்.

அப்படியே பத்து மாதம் ஓடியது. வியாழக்கிழமைகளில் இரண்டு மணி நேரம். நான் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். அவர் அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. ஏதாவது கேட்டால் "அங்கை பார்" என்று கையைக் காட்டுவார். அவள் போய்ப் பார்ப்பாள். அலமாரியில் இருக்கும் பாக்கெட்டுகளின் காலாவதித் தேதியைப் பார்ப்பது அவளாகவே எடுத்துக்கொண்ட வேலை. நெருங்கிய தேதிகளை முன்னால் இழுத்து வைப்பாள். தாண்டியதைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நிற்பாள். நான் எவ்வளவோ முயன்றும் வராத தமிழ் எழுத்து அந்தப் பாக்கெட்டுகளிலிருந்து வந்தது. "அம்மா, இவங்க அரிசி மாவுன்னு போட்டுட்டு உள்ள கேழ்வரகுன்னு போட்டிருக்காங்க," என்று ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டினாள். வீட்டில் 'ஆமா' என்கிறவள் அங்கே 'ஓம்' என்றாள்.

அங்கே பேசினாள். அதைத்தான் சொல்ல வருகிறேன். முதலில் அவரிடம் மட்டும். பிறகு லாரி ஓட்டி வருகிறவரிடம். பிறகு ஒரு வியாழக்கிழமை, முன்பின் தெரியாத ஒரு பெண்மணி வாழைக்காய் எடுக்கக் கையை நீட்டினார். ஆதிரை அவர் பக்கத்தில் போய் நின்று, தமிழிலேயே சொன்னாள்.

"ஆன்ட்டி, அது போன வாரத்தது. புதுசு மூணு மணிக்கு வரும்."

அந்தப் பெண்மணி சிரித்துவிட்டு, வாழைக்காயை வைத்துவிட்டுப் போனார். அண்ணன் கல்லாவிலிருந்து, "இவவை இஞ்சை வைச்சிருந்தா நான் கடையைப் பூட்ட வேண்டியதுதான்," என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆதிரை சிரித்தாளா என்று பார்க்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் தானாகப் பேசியிருக்கிறாள் என்பதை நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மொழி, வாய்வழித் தொடர்பு, ஒரு நிமிடம் என்று எழுதினேன்.

4

படிவம் வரும் நேரம் நெருங்கியது. அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். ஏதாவது ஆதாரம் இணைக்க வேண்டுமா? தேவையில்லை, உறுதிமொழி போதும் என்றார் எதிர்முனையில் இருந்த பெண். எப்போதாவது யாராவது வந்து பார்க்கக்கூடும், அதற்காகப் பதிவுகள் வைத்திருப்பது நல்லது என்றும் சொன்னார். நிதானமாக, அக்கறையோடுதான் சொன்னார். நான் 'எப்போதாவது' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

நோட்டில் வியாழக்கிழமைப் பதிவுகள்தான் அதிகம். ஆனால் எல்லாம் என் கையெழுத்து. மூன்றாம் மனிதரின் சாட்சி ஒன்றுகூட இல்லை. அன்று மாலையே கணினியில் உட்கார்ந்து ஒரு கடிதம் தயாரித்தேன். வடிவம் எனக்கு மனப்பாடம். சம்பந்தப்பட்ட எவருக்கும் என்று ஆரம்பம். இவர் எமது நிறுவனத்தில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம். பொறுப்புகள்: காய்கறிகளைத் தரம் பிரித்தல், காலாவதித் தேதி சரிபார்த்தல், வாடிக்கையாளர் தொடர்பு. நடத்தை: மிக நன்று. கீழே கையெழுத்துக்கும் முத்திரைக்கும் இடம் விட்டேன். என் கணவர் எட்டிப் பார்த்து, "ஒம்போது வயசுக்கா?" என்றார். ஒரு ஆதாரத்துக்குத்தான் என்றேன். அவரும் பொள்ளாச்சிக் கடிதத்தால் வந்தவர்தான். மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாள் ஆதிரையை அவரோடு விட்டுவிட்டு நான் மட்டும் கடைக்குப் போனேன். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அதை அவர் செய்து நான் பார்த்ததே இல்லை.

"தங்கச்சி, இதை ஆர் கேட்டது?"

யாரும் கேட்கவில்லை, கேட்டால் கொடுப்பதற்கு என்றேன்.

"எந்தக் கந்தோருக்குப் போகுது?"

எந்த அலுவலகத்துக்கும் போகாது, வீட்டில்தான் இருக்கும் என்றேன்.

"இதிலை வாரத்துக்கு ரெண்டு மணித்தியாலம் எண்டு கிடக்கு. பொறுப்பு எண்டு கிடக்கு. ஒன்பது வயசுப் பிள்ளை என்ரை கடையிலை வேலை செய்தவ எண்டு நான் கையெழுத்து வைக்கிறதோ?"

வேலை இல்லை அண்ணா, கற்றல் என்றேன். கடிதத்தில் எங்கும் அந்தச் சொல் இல்லை என்பது நான் அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வார்த்தையை மாற்றி அடித்துக்கொண்டு வருகிறேன் என்றேன். அவர் தாளை மூன்றாக மடித்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"கையெழுத்து வைச்ச பேப்பராலை நான் பட்டது காணும், தங்கச்சி. இனியும் வேண்டாம்."

அவருக்கு எந்தத் தாளில், எந்த ஊரில், என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவருடைய மனைவியின் தங்கையை இங்கே அழைக்கும் விண்ணப்பம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்று பிறகு வேறு ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். எனக்குத் தாள் இருந்தால்தான் தைரியம். தாள் இருந்தால் பயப்படுகிற ஒருவரிடம் போய், முத்திரையும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.

அடுத்த வியாழக்கிழமை நாங்கள் போனபோது, அவர் ஆதிரையிடம் மிகவும் மென்மையாகவே சொன்னார். அலமாரி எல்லாம் மாற்றப்போகிறோம், கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அலமாரிகள் இன்று வரை அதே இடத்தில்தான் இருக்கின்றன.

திரும்பி வரும் வழியில், மேட்டில் ஏறும்போது ஆதிரை கேட்டாள். "வாழைக்காயாலயா?"

என்ன வாழைக்காய் என்றேன், தெரிந்துகொண்டே.

"நான் அந்த ஆன்ட்டிகிட்ட சொன்னேன்ல. அதுக்குத்தானே அங்கிள் கடையப் பூட்டணும்னு சொன்னாங்க."

தெரியலையே கண்ணு என்றேன். மழை தூற ஆரம்பித்திருந்தது. வேகமாக நடக்கச் சொன்னேன்.

5

அதன் பிறகு அவள் அழவில்லை, கேட்கவும் இல்லை. நான் நிம்மதியாக இருந்தேன் என்று எழுதினால் அது பொய்யில்லை. பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, புதன்கிழமைக் குழுவில் எல்லாரும் ஏதாவது செய்து கொண்டுவந்து சேர்ந்து சாப்பிட்டோம். நான் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோயிருந்தேன். பிள்ளைகளுக்குத் தானிய உணவும் பாலும் வைத்திருந்தார்கள். டெப்பின் கடைசி மகன் ஒரு வாய் குடித்துவிட்டு மேசை மேலேயே துப்பினான். பால் திரிந்திருந்தது. கூடத்துக் குளிர்ப்பெட்டியில் எப்போதோ யாரோ விட்டுப்போனதாம். டெப் சிரித்துக்கொண்டே மேசையைத் துடைத்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்பு ஆதிரை அந்தப் பால் பாட்டிலைக் கையில் எடுத்ததை நான் பார்த்திருந்தேன். திருப்பிப் பார்த்தாள், தேதி இருக்கும் பக்கத்தை. பிறகு இருந்த இடத்தில் வைத்துவிட்டு, தன் கிண்ணத்தை வெறும் தானியமாகவே எடுத்துக்கொண்டு போனாள்.

காரில் கேட்டேன். பால் பழசு என்று உனக்குத் தெரியுமா?

"தெரியும்."

ஏன் சொல்லவில்லை?

சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள், சாதாரணமாக. "சொன்னா, இனிமே வரவேண்டாம்னு சொல்லிடுவாங்க."

அன்று நோட்டை எடுத்து முன்னும் பின்னுமாகப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் நான் எழுதியிருக்கும் விகிதம், அலை, தையல், வரைபடம் இவற்றில் எது அவள் மனதில் நின்றது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. இது ஒன்று நன்றாக நின்றிருக்கிறது. வேறு ஓர் இடத்தில், வேறு மனிதர்களிடம், யாரும் தூண்டாமல் அவளே எடுத்துப் பயன்படுத்தும் அளவுக்கு. நான் படித்த பி.எட். பாடத்தில் இதைத்தான் முழுமையான கற்றல் என்பார்கள். கற்பித்தது நான். தெரியலையே கண்ணு என்று சொன்ன அந்த மேட்டில், ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில்.

6

போன ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொன்னேன். நாளைத் தள்ளிப்போட நான்கு வாரமாக நல்ல காரணங்கள் வைத்திருந்தேன். அவற்றை எழுதவில்லை. மதியம், அவள் தோசைக்குக் காத்துக்கொண்டு அடுப்பங்கரை மேடையில் உட்கார்ந்திருந்தாள். வாழைக்காயால் இல்லை என்று ஆரம்பித்தேன். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கடிதத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். மூன்று மடிப்போடு அலமாரியில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

மெதுவாகப் படித்தாள். வாடிக்கையாளர் தொடர்பு என்றால் என்ன என்று கேட்டாள். அந்த ஆன்ட்டியிடம் பேசினாயே, அதுதான் என்றேன்.

"அதை நல்லதுன்னா எழுதியிருக்க?"

ஆமாம் என்றேன்.

"அங்கிள் இதப் படிச்சாங்களா?"

இரண்டு முறை படித்தார் என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். தோசை ஒன்று தீய்ந்தது. பிறகு கேட்டாள். "நீ ஏன் அன்னைக்கே சொல்லல?"

தீய்ந்த தோசையைச் சுரண்டி எடுத்தேன். பதில் தெரிந்துதான் இருந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது.

"நான் கோவிச்சுக்குவேன்னா?"

"ஆமா."

"கோவந்தான்," என்றாள். "தோசை போடு."

திங்கட்கிழமை காலை நான் கடைக்குப் போனேன். கையில் தாள் எதுவும் இல்லை என்று தெரிவதற்காகப் பையைக்கூட எடுத்துப்போகவில்லை. மன்னிப்புக் கேட்டேன். பிள்ளை தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். அவர் கையிலிருந்த பில் உருளையைக் கீழே வைத்தார்.

"வாழைக்காய்க் கதையை நான் அண்டைக்கே மறந்துபோனன். ஐயோ, அந்தப் பிள்ளை அதையே நினைச்சுக்கொண்டு இருந்ததோ?"

மறுபடியும் வரட்டுமா என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டுப் போய்க் கேட்டேன்.

"சாமான் வாங்க வரட்டும். நானே அவவோடை கதைக்கிறன். பெட்டி பிரிக்க வேண்டாம். கோவம் இல்லை தங்கச்சி. பயம்."

மாலையில் ஆதிரையைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கல்லாவை விட்டு வெளியே வந்து, குனிந்து அவளிடம் என்னவோ சொன்னார். நான் பருப்பு அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கேட்கவில்லை, எழுதவும் இல்லை. திரும்பி நடக்கும்போது அவர் என்ன சொன்னார் என்று என் வாய்வரை வந்தது. அவளே முந்திக்கொண்டாள். ஆனால் சொன்னது வேறு.

"வியாழக்கிழமை மட்டும் எழுதாத. என்ன செஞ்சேன்னும் கேட்காத."

வியாழக்கிழமை என்ன செய்யப்போகிறாய் என்றேன்.

"பாத்தியா, கேட்கற."

7

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரத்தில் ஐந்து நாளில் ஒரு நாள். பள்ளிக்கு நிகரான ஒழுங்கு என்று உறுதி சொல்லும் படிவத்தில், என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியாத ஒரு நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பொய்க் கையெழுத்தா என்று என் கணவரைக் கேட்டேன். "அவ வீட்லதானே இருக்கா, எங்க போயிடப்போறா?" என்றார். அது பதில் இல்லை. மறுபடியும் பள்ளிக்கு அனுப்பிவிடலாமா என்றும் ஓர் எண்ணம் ஓடுகிறது. அங்கே அவள் என்ன செய்தாள் என்று தினமும் யாரும் எழுதவில்லை. ஆனால் அங்கே அவள் யாரோடும் பேசவும் இல்லை. இரண்டையும் எடை போட்டுப் பார்க்க என்னிடம் தராசு இல்லை.

டெப்பிடம் கேட்கலாம். கவலைப்படாதே என்பார். அந்தச் சொல் எனக்கு எப்போதும் உதவியதில்லை. அம்மாவிடம் கேட்டால் டிக்கெட் போட்டுத் திரும்பி வா என்பார். அதனால் உங்களிடம் கேட்கிறேன். உங்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள், பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருப்பீர்கள். ஏதாவது ஒரு நாள், ஒரு மாதம், உங்கள் பிள்ளை என்ன செய்கிறது என்று கேட்காமல், பார்க்காமல், குறிக்காமல் விட்டிருக்கிறீர்களா? விட்டது தப்பா சரியா என்று நான் கேட்கவில்லை. அதற்கு இரண்டு பக்கமும் வாதம் எனக்கே தெரியும். எனக்கு வேண்டியது சின்ன விஷயம். பிள்ளை பக்கத்து அறையில் இருக்கிறது, ஒரு சத்தமும் இல்லை, கதவு மூடியிருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் உங்கள் கையை எங்கே வைத்துக்கொண்டீர்கள்?

என் மின்னஞ்சல் முகவரி இந்த இதழின் ஆசிரியரிடம் இருக்கிறது. நாளைதான் முதல் வியாழக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கும்.